முனை இரண்டும் சரி, நடு தவறு: ஒரு ஹாட் ராட் கியர்பாக்ஸ் இரண்டு முறை கருகிய கதை

"அண்ணே, இந்த கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கலாம்னு இருக்கேன். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க" என்று தம்பி ஒருவர் கூப்பிட்டார். கழற்றுவதற்கு முன்னால் கூப்பிட்டாரே, அதுவே பெரிய உபகாரம். கழற்றிப் போட்ட பிறகு போயிருந்தால் கருகிய கிளட்ச் பிளேட்டுகளைத்தான் பார்த்திருப்பேன். பிளேட் கருகியதைக் காட்டும். எதனால் கருகியது என்று சொல்லாது. இந்த வண்டியில் முதல் முறை நடந்தது அதுதான்.

வண்டியும் அதன் வரலாறும்

நான்கு வருடம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிய ஹாட் ராட், அதாவது பழைய கார் வடிவில் பெரிய இன்ஜின் வைத்துக் கட்டும் வண்டி. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வடிவில் ஃபைபர் பாடி, புதிதாக வெல்டு செய்த இரும்புச் சேஸிஸ், செவ்ரோலே 350 கன அங்குல வி8 இன்ஜின், மேலே நான்கு துளை கார்புரேட்டர். பின் ஆக்சில் விகிதம் 3.73, பின் டயர் உயரம் 28 அங்குலம். ஆள் ஏறாத எடை 1,150 கிலோ.

முதலில் இதில் இருந்தது டர்போ ஹைட்ரமேட்டிக் 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மூன்று கியர் மட்டும்: 2.52, 1.52, 1.00. ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கியர், கிடையாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 2,800 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு) மேல் கத்தும். கூரையில்லாத வண்டியில் அரை மணி நேரம் அப்படிப் போனால் இறங்கிய பிறகும் காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தம்பி 700ஆர்4-க்கு மாறினார். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் கொண்டுவந்த நான்கு கியர் பெட்டி அது: 3.06, 1.63, 1.00, 0.70. இவருக்குக் கிடைத்தது 1988-ஐச் சேர்ந்தது. இதே பெட்டிக்கு 1990-ல் 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள். 1993-லிருந்து கம்ப்யூட்டர் இயக்கும் 4எல்60-ஈ வந்தது. நம் கதையில் உள்ள பெட்டியில் கம்ப்யூட்டர் இல்லை. ஆயில் அழுத்தம், வண்டியின் வேகத்தை உணர்ந்து பின்னால் சுழலும் கவர்னர், கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு கேபிள், இந்த மூன்றும்தான் அதன் மூளை.

மாற்றிய பிறகு 900 கிலோமீட்டர் ஓடியது. மேட்டில் நழுவ ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் பிரித்தார்கள், மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான 3-4 கிளட்ச் கருகியிருந்தது, புது பிளேட் போட்டு மூடினார்கள். 700 கிலோமீட்டரில் மறுபடியும் அதே நழுவல். பட்டறையில் சொன்ன காரணம், "பழைய பெட்டி, அதிர்ஷ்டம் இல்லை." ஒரே பாகம் இரண்டு முறை ஒரே மாதிரி போனால் அதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கக் கூடாது. ஏதோ ஒன்று அதைக் கொன்றுகொண்டிருக்கிறது, அது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவில் தம்பி பெருமையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கவில்லை: "ஆனா அண்ணே, நல்லா இருக்கும்போது கியர் மாறுறது வெண்ணெய் மாதிரி இருக்கும். எப்போ மாறுச்சுன்னே தெரியாது."

முதல் நாள்: ஆயில், டேக்கோ, ஒரு பேப்பர்

பெட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் இன்ஜின் ஓட, பார்க்கில் வைத்து ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். சிவப்பு மங்கிப் பழுப்பு தட்டியிருந்தது. முகர்ந்தால் லேசான தீய்ந்த வாடை. அளவு சரியாகக் காட்டியது. ஆனால் சொந்தமாகக் கட்டிய வண்டியில் டிப்ஸ்டிக் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. குழாய் ஒரு வண்டியிலிருந்து வந்திருக்கும், குச்சி இன்னொன்றிலிருந்து வந்திருக்கும். குச்சியை வெளியே எடுத்துக் குழாயின் பக்கத்தில் வைத்து, அதன் நுனியும் கோடும், பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானின் விளிம்பை ஒப்பிட்டால் எங்கே வருகின்றன என்று பார்த்தேன். கோடு பான் விளிம்பை ஒட்டியே வந்தது. சரி, ஆயில் அளவில் பொய் இல்லை.

அடுத்து ரோடு டெஸ்ட். எனக்குப் பிடித்த கருவி இங்கே ஒரு பேப்பரும் பேனாவும்தான். 28 அங்குல டயரின் சுற்றளவு 2.23 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் நிமிடத்துக்கு 746 சுற்று. அதை 3.73-ஆல் பெருக்கினால் மூன்றாவது கியரில் இன்ஜின் இருக்க வேண்டிய ஆர்பிஎம் 2,780, இன்னும் 0.70-ஆல் பெருக்கினால் நான்காவதில் 1,950. இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டாமல் ஓடும்போது இதற்கு மேல் நூறு, இருநூறு கூடலாம். மேட்டில் இன்னும் கொஞ்சம். அதற்கும் மேல் கூடினால் எங்கோ கிளட்ச் நழுவுகிறது. வேகத்தை வண்டியின் ஸ்பீடோமீட்டரில் பார்க்காமல் போனின் ஜிபிஎஸ்ஸில் பார்த்தேன். ஆக்சிலும் டயரும் மாறிய வண்டியில் ஸ்பீடோமீட்டர் சொல்வது பெரும்பாலும் கற்பனை.

ஒரே மேடு, ஆக்சிலரேட்டரில் ஒரே மிதி, ஏறக்குறைய பாதி அழுத்தம். இரண்டாவது கியரில் 50 கிலோமீட்டருக்குக் கணக்கு 2,270. இன்ஜின் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர், சுருக்கமாக டேக்கோ, காட்டியது 2,400. நல்ல ஆரோக்கியம். மூன்றாவதில் 80 கிலோமீட்டருக்குக் கணக்கு 2,230, காட்டியது 2,750. அதைவிட மோசம், வேகம் அசையாமல் டேக்கோ முள் மட்டும் மெல்ல மெல்ல ஏறியது. நான்காவதிலும் அதே கதை. ரிவர்ஸில் மேட்டில் பின்னால் ஏற்றினேன், கல் மாதிரி பிடித்தது.

இந்த நான்கு தகவலே பெட்டியைத் திறக்காமல் உள்ளே பார்க்க வைக்கும். 700ஆர்4-ல் முதல் கியருக்கு ஃபார்வர்டு கிளட்ச். இரண்டாவதுக்கு அதனுடன், டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் 2-4 பேண்ட் சேரும். மூன்றாவதில் பேண்ட் விட்டுவிடும், 3-4 கிளட்ச் பிடிக்கும். நான்காவதில் 3-4 கிளட்ச் பிடித்தபடியே இருக்க, பேண்ட் மறுபடி வரும். ரிவர்ஸுக்குத் தனி கிளட்ச்சுகள். ஒன்றும் இரண்டும் சரி என்றால் ஃபார்வர்டு கிளட்ச்சில் பழுதில்லை. இரண்டாவது சரி என்றால் பேண்டிலும் பழுதில்லை. கன்வர்ட்டரே கெட்டிருந்தால் எல்லா கியரிலும் தெரிந்திருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 3-4 கிளட்ச். பட்டறையில் பிரித்துக் கண்டுபிடித்ததை நாங்கள் ஒரு பேப்பரில் கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: அதை யார் கருக்குகிறார்கள்?

நான் வழி தவறிய இடம்

இங்கே என் தவறைச் சொல்லிவிடுகிறேன், அரை நாள் வீணானது அதில்தான்.

சமதளத்தில் நான்காவது கியரில் போகும்போது ஆர்பிஎம் திடீரென 250 ஏறும், பிறகு இறங்கும். அது கன்வர்ட்டரை நழுவாமல் நேராகப் பூட்டும் லாக்-அப் பிடிப்பதும் விடுவதும் போல இருந்தது. இந்த வண்டியில் லாக்-அப் நான்காவது கியரில் மட்டும் வேலை செய்யும்படி ஒயரிங். பெட்டிக்குள் இருக்கும் அழுத்த சுவிட்ச் நான்காவது வந்ததும் சுற்றை முடிக்கும், பிரேக் மிதித்தால் பிரேக் சுவிட்ச் அறுக்கும். எனக்கு உடனே ஒரு கதை தயாராகிவிட்டது: லாக்-அப் விட்டு விட்டுப் பிடிக்கிறது, கன்வர்ட்டர் சூடாகிறது, ஆயில் கெடுகிறது, கிளட்ச் கருகுகிறது. அழகான கதை. பிரேக் சுவிட்ச்சைத் துரத்தினேன்; அது உண்மையிலேயே தளர்ந்திருந்தது, பெடல் அதிர்ந்தாலே அறுத்தது. சரிசெய்தோம். லாக்-அப் கெட்டியாகப் பூட்டியது. எழுந்து கை கழுவினேன்.

மேட்டுக்குப் போனோம். மூன்றாவது கியரில் 80 கிலோமீட்டரில் டேக்கோ மறுபடி 2,750.

லாக்-அப் மூன்றாவது கியரில் வேலையே செய்வதில்லை. மூன்றாவதில் நழுவுகிறது என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். எழுதியதைப் படிக்காமல் ஒயரின் வாலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு வண்டியில் பழுது ஒன்றுதான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை, வீட்டில் கட்டிய வண்டியில் அறவே இல்லை.

சூடுதான் காரணமோ என்பதையும் பார்த்து முடித்துவிட்டேன். பெட்டி ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டால், மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் 20 விநாடியில் ஒரு லிட்டருக்கு நெருக்கமாக வந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பானில் 90 டிகிரி செல்சியஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அழுத்தம்: இரண்டு எண்கள் சொன்ன நல்ல செய்தி

கிளட்ச் என்பது பிளேட்டுகளை ஆயில் அழுத்தத்தால் சேர்த்து நெரிப்பது. அது எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது எவ்வளவு அழுத்தம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜின் கொடுக்கும் முறுக்கு ஏறும்போது அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் நழுவும், நழுவினால் சூடாகும், சூடானால் கருகும்.

பெட்டியின் இடது பக்கத்தில் கியர் லீவர் அச்சுக்கு அருகே அழுத்தம் பார்க்கும் துளை, ஒரு பிளக் போட்டு மூடியிருக்கும். அதில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் அழுத்தக் கேஜை மாட்டினேன். ஐடிலில் 60. கேபிளை முழுதாக இழுத்தால் 160. இரண்டும் இந்தப் பெட்டிக்கு ஏற்ற எண்கள்தான். பட்டறையிலும் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறார்கள், தம்பியின் பில்லில் எழுதியே இருந்தது. பம்ப் நல்லது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் நல்லது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவில் தவறில்லை.

நானும் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் கேஜ் ஹோஸ் நீளமாக இருந்தது, வண்டியில் கதவு கண்ணாடி எதுவும் இல்லை. கேஜை முன் கண்ணாடி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு அதே மேட்டில் ஏறினோம். பாதி மிதியில், இன்ஜின் மூச்சு வாங்க இழுக்கும்போது, முள் 90-ஐத் தாண்டவில்லை. கால் பங்கு மிதியில் 65. ஐடிலில் நிற்கும்போது இருப்பதைவிட வெறும் ஐந்து அதிகம். "இன்னும் மிதி" என்றேன். மிதி தரையைத் தொடும் நேரத்தில் முள் ஒரே தாவலாக 150-ஐக் கடந்தது.

அப்போதுதான் வெண்ணெய் ஞாபகம் வந்தது.

கேபிளின் வேலை

இந்தக் கேபிளை எல்லோரும் டிவி கேபிள் என்பார்கள். தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. த்ராட்டில் வால்வ் என்பதன் சுருக்கம். கார்புரேட்டர் லீவர் திறக்கும் அளவுக்கு இது பெட்டிக்குள் இருக்கும் ஒரு வால்வைத் தள்ளுகிறது. அந்த வால்வு கொடுக்கும் அழுத்தம் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, மொத்த லைன் அழுத்தத்தை ஏற்றுகிறது. மற்றொன்று, கவர்னர் அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக் கியர் மாறும் வேகத்தைத் தள்ளிப்போடுகிறது. கவர்னர் "வேகம் வந்துவிட்டது, மாறு" என்று சொல்லும்; டிவி அழுத்தம் "ஆள் மிதிக்கிறான், பொறு" என்று சொல்லும். டிவி அழுத்தம் குறைந்தால் கியர் சீக்கிரமே மாறும், மென்மையாக மாறும், நழுவிக்கொண்டே மாறும். தம்பி ரசித்த வெண்ணெய் அதுதான். மெதுவாகப் போகும்போது இந்த வண்டி 15 கிலோமீட்டரிலேயே இரண்டாவதுக்கும், 50-லேயே நான்காவதுக்கும் போய்விடும். மிதித்தால் கியர் இறங்காது, தரையோடு அழுத்தினால் திடீரென்று உதைத்துக்கொண்டு இறங்கும். எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள், கண் முன்னே இருந்தவை.

"கேபிளை எங்கே மாட்டினே தம்பி?"

"பழைய பெட்டியோட கிக்-டவுன் கேபிள் இருந்த இடத்துலதாண்ணே. பிராக்கெட்டும் அதேதான். இழுப்பு பத்தலைன்னு லீவர்ல மட்டும் ஒரு தகடு வெல்டு பண்ணி நீட்டினேன்."

இந்த ஒரு பதிலில் இரண்டு கிளட்ச் செட்டுகளின் மரணம் இருந்தது.

பழைய 350 பெட்டியிலும் கார்புரேட்டரிலிருந்து கேபிள் வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதன் வேலை கடைசி அங்குலத்தில் மட்டும்: முழுதாக மிதித்தால் கியரை இறக்குவது. நடுவில் அது எப்படி இழுத்தாலும் யாருக்கும் கவலையில்லை. அந்தப் பெட்டியில் அழுத்தத்தை முடிவு செய்வது வேறு ஆள், வேக்யூம் மாடுலேட்டர். இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் பாதையிலிருந்து ஒரு சிறு குழாய் வழியே இன்ஜினின் வேக்யூமை, அதாவது உறிஞ்சும் இழுப்பை, படித்து, வேக்யூம் குறைந்தால் சுமை ஏறுகிறது என்று புரிந்துகொண்டு அழுத்தத்தை ஏற்றும். கேபிளே அறுந்தாலும் அந்தப் பெட்டி ஓடும்.

வித்தியாசத்தின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. மாடுலேட்டர் படிப்பது இன்ஜினின் சுமையை. டிவி கேபிளுக்குத் தெரிவது, கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் கோணம் மட்டுமே. குறைந்த ஆர்பிஎம்மில் இவை இரண்டும் ஒன்றல்ல. 2,000 ஆர்பிஎம்மில் ஓடும் பெரிய வி8 இன்ஜினுக்குத் தேவையான காற்று கொஞ்சம்தான். த்ராட்டில் பாதி திறந்தாலே அந்தக் காற்று தடையில்லாமல் உள்ளே போய்விடும், வேக்யூம் கிட்டத்தட்ட விழுந்துவிடும், இன்ஜின் தன்னால் முடிந்த முறுக்கில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். மிதி பாதி, முறுக்கு ஏறக்குறைய முழுசு. எனவே கேபிள் பாதி மிதியில் தாராளமாக இழுத்தாக வேண்டும். நம் வண்டியில் அது பாதி மிதியில்தான் கஞ்சத்தனம் செய்தது.

லீவர் கணக்கு

கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, இன்ஜினை 1,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஸ்கேல் பிடித்துக் கையால் இழுத்து, எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று முதலில் எழுதிக்கொண்டேன். இழுக்காமல் 60, 8 மில்லிமீட்டரில் 82, 18-ல் 118, 36-ல் 160. ஒழுங்காக ஏறியது. பெட்டி சொன்னதைக் கேட்கிறது. சொல்பவர்தான் சரியில்லை.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு லீவரை அளந்தேன். இந்தப் பெட்டி முதலில் பொருந்தி வந்த வண்டிகளில் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் கேபிள் மாட்டும் குமிழ், த்ராட்டில் அச்சின் மையத்திலிருந்து சுமார் 28 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதோடு, பாதி மிதியில் லீவர் கேபிளுக்குச் செங்குத்தாக நிற்கும். அச்சு சுமார் 80 டிகிரி சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், செங்குத்துக்கு முன்னால் 40, பின்னால் 40. அந்த அமைப்பில் இழுப்பு ஏறக்குறைய சீராக வரும்: கால் பங்கு மிதியில் 8 மில்லிமீட்டர், பாதியில் 18, முழுதில் 36.

தம்பியின் கிக்-டவுன் பிராக்கெட்டில் கேபிள் வேறு திசையிலிருந்து வந்தது. ஐடிலில் லீவரும் கேபிளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் கிடந்தன. சைக்கிள் பெடல் உச்சியில் நிற்கும்போது அதைக் கொஞ்சம் சுழற்றிப் பாருங்கள். முன்னால்தான் போகும், கீழே இறங்கவே இறங்காது. இங்கேயும் அப்படித்தான். முதல் 20 டிகிரிக்கு லீவர் சுழன்றது, கேபிள் அசையவில்லை என்றே சொல்லலாம். இப்படிப் பழைய துளையில் மாட்டியபோது முழு மிதியிலும் இழுப்பு பற்றவில்லை. தம்பி என்ன செய்தார்? தகடு வைத்து நீட்டினார். அச்சிலிருந்து 44 மில்லிமீட்டர். முழு மிதியில் இப்போது 36 மில்லிமீட்டர் வந்துவிட்டது, கனகச்சிதம். கேபிளில் இருக்கும் பட்டனை அழுத்தி, ஸ்லைடரைப் பின்னே தள்ளி, லீவரை முழுதாகத் திறந்து செட் செய்யும் முறையையும் புத்தகத்தில் உள்ளபடியே செய்தார். அந்த முறை சரிபார்ப்பது கடைசிப் புள்ளியை மட்டும்.

அளந்து கிடைத்தது இது. கால் பங்கு மிதியில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இருக்க வேண்டியது 8. பாதியில் 10, இருக்க வேண்டியது 18. முழுதில் 36, அதுவேதான் இருக்க வேண்டியதும். என் அழுத்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் 65, 88, 160. மேட்டில் கேஜ் காட்டிய எண்களோடு அப்படியே பொருந்தின.

சாதாரணமாக இந்த மாதிரி நழுவலுக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் "கேபிளை ரெண்டு கிளிக் இறுக்கு" என்பது. அதையும் செய்து பார்த்தேன், சோதனைக்காக. 3 மில்லிமீட்டர் இறுக்கினால் ஐடில் அழுத்தம் 66-க்குப் போனது, கால் பங்கு மிதியில் 74-தான் வந்தது. முழு மிதிக்கு முன்னாலேயே கேபிள் அடியில் முட்டி நின்று கார்புரேட்டரை முழுதாகத் திறக்கவும் விடவில்லை. முனைகள் இரண்டும் கெட்டன, நடு தேறவில்லை. கோணல் லீவரில் இருக்கும்போது கேபிளை இறுக்கி அதை நிமிர்த்த முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே தவறு கனமான ஒரு வண்டியில் இருந்திருந்தால் ஒருவேளை தாமதமாக வெளிப்பட்டிருக்கும். 1,150 கிலோ வண்டியை யாரும் முழுதாக மிதித்து ஓட்டுவதில்லை, அவசியமும் இல்லை. கால் பங்கிலும் பாதியிலும்தான் தம்பியின் கால் எப்போதும் இருந்தது. கேபிள் எந்த இடத்தில் பொய் சொன்னதோ அந்த இடத்திலேயே இந்த வண்டி குடியிருந்தது.

சரிசெய்தது

நீட்டிய தகட்டை வெட்டி எடுத்தோம். குமிழை 28 மில்லிமீட்டரில் கொண்டுவரும் ஒரு தகட்டை வெட்டி லீவரில் போல்ட் போட்டோம். வெல்டு செய்யவில்லை, நாளைக்குக் கார்புரேட்டர் மாறினால் கழற்ற வேண்டும். பாதி மிதியில் லீவரும் கேபிளும் செங்குத்தாக வரும் வரை பிராக்கெட்டை நகர்த்தினோம். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கு ஒரு மாலை. ஃப்யூவல் குழாய் இடித்தது, அதை வளைத்தோம். ஏர் ஃபில்டர் தட்டு லீவரில் உரசியது, அதற்கு அடியில் ஸ்பேசர் வைத்தோம். ஒவ்வொரு முறையும் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை அழுத்த, மற்றவர் லீவர் முழுதாகத் திறக்கிறதா, தானாகத் திரும்பி வந்து மூடுகிறதா என்று பார்த்தோம். த்ராட்டில் மாட்டிக்கொண்ட ஹாட் ராட்டைவிட நழுவும் ஹாட் ராட் எவ்வளவோ மேல்.

கேபிள் சரியானதால் கருகிய பிளேட் உயிர் பெறாது. பெட்டி இறங்கியது. பானில் நைசான கருப்புச் சேறு, காந்தத்தில் சொல்லும்படியாக இரும்பு இல்லை. உள்ளே 3-4 கிளட்ச்சின் உராய்வுத் தாள்கள் கரி, இரும்புத் தட்டுகளில் நீலப் புள்ளிகள். அதே டிரம்முக்குள் இருக்கும் ஃபார்வர்டு கிளட்ச் புதுசு போல் இருந்தது. பேண்டும் நன்றாகவே இருந்தது. பேப்பரில் எழுதியது பொய்க்கவில்லை.

பிளேட்டுகளோடு டார்க் கன்வர்ட்டரையும் மாற்றச் சொன்னேன். தம்பி முகம் சுளித்தார். கிளட்ச் இரண்டு முறை கரைந்த தூள் முழுக்க அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பிரிக்காமல் கழுவ வழியில்லை. கூலரையும் குழாய்களையும் எதிர்த் திசையில் கழுவினோம். முதலில் வந்தது டிகாக்‌ஷன் நிறம். முதல் முறை பிரித்தபோது இதை யாரும் செய்யவில்லை என்பது அந்த நிறத்திலேயே தெரிந்தது. கன்வர்ட்டரை மாட்டும்போது பம்ப்பில் முழுதாக உட்காரும் வரை சுழற்றித் தள்ளி, இன்ஜினோடு சுழலும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையாத சிறு இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொட்டோம். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் நொறுங்கும்.

பிறகு

அதே மேடு, அதே கேஜ். கால் பங்கு மிதியில் 82, பாதியில் 117, முழுதில் 160. மூன்றாவது கியரில் 80 கிலோமீட்டருக்கு டேக்கோ 2,400. கணக்கைவிட 170 அதிகம், அது கன்வர்ட்டரின் பங்கு. மெதுவாகப் போனால் இரண்டாவது கியர் 22 கிலோமீட்டரிலும் நான்காவது 70-லும் விழுகிறது. பாதி மிதித்தால் கியர் மரியாதையாக இறங்குகிறது.

ஒரு வாரம் கழித்துத் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணே, நழுவல் சுத்தமா இல்லை. ஆனா ஒண்ணு. கியர் மாறும்போது இப்போ தெரியுதுண்ணே. முதுகுல லேசா ஒரு தட்டு. முன்னாடி வெண்ணெய் மாதிரி இருந்துச்சே, அதை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"கொண்டு வரலாம். அந்தப் பழைய தகடு இன்னும் என் டூல் பாக்ஸ்லதான் இருக்கு. அனுப்பட்டுமா?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். 3,000 கிலோமீட்டரில் பானைக் கழற்றிப் பார்த்தோம். ஆயில் சிவப்பாகவே இருந்தது, அடியில் விரலால் தடவினால் மெல்லிய சாம்பல் படலம். புது பிளேட்டுகள் பழகும்போது வரும் சாதாரணப் படலம் அது. புது ஃபில்டர் போட்டு மூடினோம்.